கிபாலே சிம்பன்சிகள், பிவிண்டி கொரில்லாக்கள்: எட்டு நாள் பயணமும் பதினான்கு வயது மகனும்

மருதாணி:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாத இறுதியில் நானும் என் கணவரும் மகனும் உகாண்டாவுக்கு வழிகாட்டியுடன் எட்டு நாள் பயணம் செல்ல எண்ணியிருக்கிறோம். முகவர் அனுப்பிய நிரலின்படி எண்டெபியில் இறங்கி, கிபாலே தேசியப் பூங்காவில் சிம்பன்சிகளைப் பார்த்துவிட்டு, குயின் எலிசபெத் பூங்காவில் இரண்டு நாள் தங்கி, கடைசியாகப் பிவிண்டிக் காட்டில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்க வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, செலவு. கொரில்லாவுக்கு ஆளுக்கு 800 டாலர், சிம்பன்சிக்கு 250 டாலர் என்று அனுமதிச்சீட்டுகளுக்கு மட்டுமே மூவருக்கும் 3,150 டாலர் ஆகிறது. கொரில்லாக்களுடன் இருக்கவோ ஒரு மணி நேரம்தான் விடுவார்களாம். அந்த ஒரு மணி நேரம் இவ்வளவு பெறுமா? இரண்டாவது, கணவரின் முழங்கால். வயது ஐம்பத்து நான்கு. படி இறங்கும்போது இடது காலில் வலி உண்டு. மூன்றாவதுதான் என்னை உறுத்துவது. பயணத்தின்போது மகனுக்குப் பதினான்கு வயது எட்டு மாதம் ஆகியிருக்கும். கொரில்லாக்களைப் பார்க்கப் பதினைந்து நிரம்பியிருக்க வேண்டும் என்று படித்தேன். முகவரிடம் கேட்டால், “பையன் உயரமாக இருக்கிறான், அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கானகன்:

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். பார்த்துக்கொள்ள முடியாது. காலையில் பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்யும்போது கடவுச்சீட்டைக் கேட்பார்கள். உயரத்தை யாரும் அளப்பதில்லை. உங்கள் மகனை வாயிலிலேயே நிறுத்திவிட்டால் முகவர் ஊரில் இருந்தபடி வருத்தம் தெரிவிப்பார். பையன் விடுதி அறையில் உட்கார்ந்திருப்பான். இப்படி வாக்களிக்கிற முகவரை நான் வேறு எந்த விஷயத்திலும் நம்ப மாட்டேன்.

இந்த விதியைச் சிலர் வெறும் சடங்கு என்று நினைக்கிறார்கள். கொரில்லா மனிதனுக்கு மிக நெருங்கிய உறவு என்பதால் நம்முடைய தொற்றுகள் அதற்கு எளிதில் பரவுகின்றன, குழந்தைகளிடமோ சளியும் அம்மையும் அதிகம். அதோடு, சில்வர்பேக் என்று சொல்லப்படும் வெள்ளிமுதுகு ஆண், அதாவது முதுகில் முடி நரைத்த முதிர்ந்த ஆண் கொரில்லா, நம்மை நோக்கிப் பாய்வதுபோல் வந்து நிற்கும்போது, ஓடாமல் குனிந்து அசையாமல் இருக்கிற நிதானம் சிறுவர்களிடம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சிம்பன்சிக்கான வயது வரம்பு இதைவிடக் குறைவு. அதில் உங்கள் மகனுக்குத் தடை வராது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பிவிண்டி ஒரே காடு என்றாலும் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ங்குரிங்கோ என நான்கு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அனுமதிச்சீட்டு நாளுக்கும் பகுதிக்கும் உரியது. என் முதல் பயணத்தில் முகவர் (பெயர் வேண்டாம்) ருஷாகாவுக்குச் சீட்டு வாங்கிவிட்டு புஹோமாவில் விடுதி போட்டிருந்தார். வரைபடத்தில் பக்கத்தில் தெரிந்த இடத்துக்கு மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, செம்மண் சேற்றில் வண்டி இரண்டு முறை சறுக்கி, வழிகாட்டி விதிகளைச் சொல்லி முடிக்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். காலை உணவாக ஒரு வாழைப்பழம். சீட்டின் நகலை முன்பே வாங்கி, அதில் அச்சாகியிருக்கும் பகுதியின் பெயரை விடுதியின் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கம்பாலாவாசி:

நான் பதினோரு ஆண்டுகளாகக் கம்பாலாவில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் இந்த வழியில் அழைத்துச் சென்றிருப்பதால் நிரலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சிம்பன்சி முதலில், கொரில்லா கடைசியில் என்ற வரிசை நல்லது, அதை மாற்றச் சொல்லாதீர்கள். கம்பாலாவிலிருந்து ஃபோர்ட் போர்ட்டல் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், தார்ச்சாலை. அங்கிருந்து தெற்கே கன்யஞ்சு என்ற இடத்தில்தான் கிபாலேயின் சிம்பன்சி நடை தொடங்குகிறது. அந்தக் காட்டில் பெரும்பாலும் சமதரை என்பதால் கால்களுக்கு அது ஒரு வெள்ளோட்டம் போல அமையும். ஆனால் சிம்பன்சிகள் நிற்பதில்லை. ஒன்று மரத்திலிருந்து இறங்கி ஓடத் தொடங்கினால் வழிகாட்டியும் ஓடுவார், நீங்களும் வேர்களைத் தாண்டிக்கொண்டு பின்னால் ஓடுவீர்கள். முதலில் கேட்பது குரல்தான். ஒரு மரத்திலிருந்து மூச்சுவாங்குவதுபோல் தாழ்வாகத் தொடங்கி, ஏறி ஏறிக் கூச்சலாக மாறும். காட்டின் வேறொரு மூலையிலிருந்து மறுமொழி வரும். நடுவில் யாரோ மத்தளம் அடிப்பதுபோல் ஓர் ஓசை எழும். ஓர் ஆண் சிம்பன்சி பெருமரத்தின் பலகைவேரைக் கையாலும் காலாலும் அறைகிற சத்தம் அது. என் தம்பி மகள் அதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் ஏதோ கோயில் திருவிழா என்றே நினைத்துவிட்டாள்.

கிபாலேயில் பிற்பகல் மீதமிருந்தால் அருகிலுள்ள பிகோடி சதுப்பு நிலத்துக்குப் போங்கள். கிராம மக்களே நடத்துகிறார்கள், நடை எளிது, குரங்குகளும் பறவைகளும் நிறைய. குயின் எலிசபெத்தில் காசிங்கா கால்வாய்ப் படகு தவறவிடக்கூடாதது. அங்கிருந்து பிவிண்டிக்கு இஷாஷா வழியாகச் சென்றால் அத்திமரத்தில் ஏறிப் படுத்திருக்கும் சிங்கங்கள் கண்ணில் படலாம், படாமலும் போகலாம். மழை பெய்தால் அந்தச் சாலையில் வண்டி சிக்கும். இந்த வழி போய் முடிவது புஹோமாவில் என்பதால், சீட்டையும் அங்கேயே எடுப்பது அறிவுடைமை.

முழங்கால்மூர்த்தி:

என் புனைபெயரைப் பார்த்தாலே தெரியும், இந்த இழைக்கு நான் கடமைப்பட்டவன். எனக்கு அறுபத்தொன்று. இரண்டு முழங்கால்களும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் புஹோமாவில் கொரில்லாக்களைப் பார்த்துவிட்டு என் காலிலேயே திரும்பி வந்தேன்.

அம்மா, உங்கள் கணவர் செய்ய வேண்டியது முதலில் வெட்கத்தை விடுவது. காலையில் எட்டு எட்டுப் பேராகக் குழு பிரிக்கும் முன்பே, எனக்கு முழங்கால் வலி உண்டு, அருகில் இருக்கும் கொரில்லாக் கூட்டத்துக்கு அனுப்புங்கள் என்று வழிகாட்டியிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். தடம் பார்க்கும் பணியாளர்கள் விடியும்போதே கிளம்பி, முந்தைய நாள் இரவு கொரில்லாக்கள் படுத்திருந்த இலைக்கூடுகளிலிருந்து தடம் பிடித்துச் சென்று வானொலிக் கருவியில் தகவல் சொல்லிவிடுவதால், எந்தக் கூட்டம் எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பது ஓரளவு அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும். ஓரளவுதான், ஒரு மணி நேரம் என்று சொல்லி அனுப்பிய நடை எனக்கு இரண்டே முக்கால் மணி நேரமானது.

அடுத்து, சுமைதூக்க ஒருவரைக் கட்டாயம் அமர்த்துங்கள். 15 முதல் 20 டாலர் வரை ஆகும். சுமை என்பது ஒரு சாக்கு. என்னுடன் வந்த இளைஞர் என் பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மறு கையால் என்னை ஏற்றத்தில் இழுத்தார். இறக்கத்தில் எனக்கு முன்னால் பக்கவாட்டில் நின்று தம் பாதத்தையே எனக்குப் படியாக வைத்துக் கொடுத்தார். அந்த மண் மழைக்குப் பிறகு எண்ணெய் தடவிய தகரம் போல இருக்கும். பிடிமானத்துக்குக் கையை நீட்டினால் கையில் வருவது செந்தட்டிச் செடியாக இருக்கும் என்பதால் தோட்ட வேலைக்கான தடித்த கையுறை வாங்கிச் செல்லுங்கள். கால்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். சாரை சாரையாகப் போகும் படை எறும்புகளை மிதித்தால் அவை கேள்வி கேட்காமல் ஏறும். அறவே நடக்க முடியாதவர்களைப் பல்லக்குப் போன்ற ஒன்றில் வைத்துத் தூக்கிச் செல்லவும் ஆட்கள் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம், முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும்.

இப்போது அந்த ஒரு மணி நேரம் பெறுமா என்ற கேள்வி. பைகளையும் ஊன்றுகோலையும் ஓரிடத்தில் வைக்கச் சொன்னார்கள், முகக்கவசம் அணிந்தோம், வழிகாட்டி தொண்டையைச் செருமுவதுபோல் தாழ்ந்த குரலில் இரண்டு முறை உறுமினார். புதருக்குள்ளிருந்து அதே உறுமல் திரும்பி வந்தது. எல்லாம் நலமே என்று கொரில்லாக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ஒலியாம் அது. கொடிகளை விலக்கினால், வெள்ளிமுதுகு ஆண் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு தண்டை உரித்துக்கொண்டிருந்தது. வாழைத்தண்டை நாம் நார் எடுப்பதுபோல், மேல்தோலைப் பல்லால் கீறி, நீளமாகக் கிழித்து, உள்ளிருக்கும் வெண்பகுதியை மட்டும் தின்றது. விரல்நகங்கள் நம்முடையவை போலவே இருந்தன, ஓரத்தில் அழுக்கோடு. ஒரு குட்டி அதன் தோளில் ஏறிச் சறுக்கியது; நான்காம் முறை ஏறியபோது அது திரும்பிப் பாராமலே ஒரு கையால் குட்டியை எடுத்துக் கீழே வைத்தது. நேரம் முடிந்தது என்று வழிகாட்டி சொன்னபோது பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். பணத்தின் நினைப்பு எனக்கு வரவேயில்லை. விடுதிக் கணக்கைப் பார்த்தபோதுதான் வந்தது.

செங்காந்தள்:

அனுபவத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் 800 டாலர் யாருக்குப் பெறும் என்ற கேள்வியை மட்டும் யாரும் தொடவில்லை. 1991-இல் பிவிண்டியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது, அந்தக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த பட்வா மக்களை வெளியேற்றிவிட்டார்கள். நிலமும் கிடைக்கவில்லை, இழப்பீடும் கிடைக்கவில்லை. பிறருடைய வயல்களில் கூலிகளாகவும் குத்தகைக்காரர்களாகவும் ஆனார்கள். 2021-இல் உகாண்டாவின் அரசமைப்பு நீதிமன்றமே அவர்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. இன்று அதே மக்கள், தாங்கள் ஒரு காலத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் காட்டின் ஓரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு நடித்துக் காட்டிப் பிழைக்கிறார்கள். அவர்கள் நுழைய முடியாத காட்டில் நாம் ஒரு மணி நேரத்துக்குச் சீட்டு வாங்குகிறோம். மருதாணி போக வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

கானகன்:

செங்காந்தள் சொன்ன வெளியேற்றத்தை மறுக்க முடியாது, நான் மறுக்கவும் போவதில்லை. ஆனால் பணம் எங்கும் போய்ச் சேர்வதில்லை என்ற தொனிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒவ்வொரு கொரில்லா அனுமதிச்சீட்டிலிருந்தும் 10 டாலரும், பூங்கா நுழைவுக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கும் சுற்றுவட்டார ஊர்களுக்கென ஒதுக்கப்படுகின்றன. 800-இல் 10 என்பது கொசுறு என்று நீங்கள் சொல்வீர்கள், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சுமைதூக்கும் இளைஞரின் கையில் நேராகப் போகிற பணம் அதைவிடப் பெரிது.

சுற்றுலா நின்றால் என்னவாகும் என்பதை 2020-இல் பார்த்தோம். பெருந்தொற்றால் பயணிகள் வராத அந்த ஜூன் மாதத்தில், ங்குரிங்கோ கூட்டத்தின் தலைவனான ரஃபிகி என்ற வெள்ளிமுதுகு ஆணை வேட்டைக்குப் போன ஒருவர் ஈட்டியால் குத்திக் கொன்றார். சிறு விலங்குகளைத் தேடிப் போனதாகவும், அது தாக்க வந்ததால் குத்தியதாகவும் அவர் சொன்னார். பதினோரு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. தலைவன் போனால் கூட்டம் சிதறலாம், புதிதாக வரும் ஆண் குட்டிகளைக் கொல்லலாம் என்று அப்போது எல்லோரும் அஞ்சினார்கள்.

எண்ணிக்கையையும் பாருங்கள். பிவிண்டியில் 2018 கணக்கெடுப்பில் 459, உகாண்டா, ருவாண்டா, காங்கோ எல்லையிலுள்ள விருங்கா எரிமலைப் பகுதியில் அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 604, ஆக மொத்தம் 1,063 மலைக் கொரில்லாக்கள். கொரில்லாப் பெண் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், இந்த எண் உயர்ந்துகொண்டே வந்தது சாதாரணமன்று. அந்த உயர்வால்தான் 2018-இல் இவற்றை மிக அருகிய நிலையிலிருந்து அருகிய நிலைக்கு மாற்றி வகைப்படுத்தினார்கள். என் கணக்கில் நாம் காசு கொடுப்பது கொரில்லாவைப் பார்ப்பதற்காக அன்று. ஒரு நாளில் ஒரு கூட்டத்துக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒருவரும் வரமாட்டார்கள் என்ற அந்தத் தடைக்குத்தான் கொடுக்கிறோம். கட்டணத்தைப் பாதியாக்கி ஆட்களை இரட்டிப்பாக்கினால் வருமானம் அதேதான், ஆனால் கொரில்லாவுக்கு?

செங்காந்தள்:

தடைக்குக் கொடுக்கும் விலை என்ற வாதம் எனக்குப் புதிது, யோசிக்கிறேன். ஆனால் ஒரு பெருந்தொற்று வந்தால் ஆட்டம் காணுகிற பாதுகாப்பை வலுவான பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என்பதையும் அதே ரஃபிகியின் கதைதான் காட்டுகிறது.

கால்நடைமருத்துவன்:

வயது விதியைப் பற்றிக் கானகன் சுருக்கமாகச் சொன்னதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இது பதினைந்து வயதோடு முடிகிற விஷயமன்று.

2013-இல் இதே கிபாலேயில் கன்யவாரா என்ற சிம்பன்சிக் கூட்டத்தில் சளியும் இருமலும் பரவின. 56 சிம்பன்சிகளில் ஐந்து இறந்தன. ஆராய்ந்து பார்த்தபோது அது ரைனோவைரஸ் சி. மனிதக் குழந்தைகளுக்குப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வருகிற, நாம் மிளகு ரசமும் ஆவிபிடித்தலுமாகக் கடந்துவிடுகிற சளி. அதேபோல் 1996-இல் பிவிண்டிக் கொரில்லாக்களுக்குச் சொறிநோய் வந்து ஒரு குட்டி இறந்தது. அருகில் வாழும் மக்களிடமிருந்து தொற்றியிருக்க வேண்டும் என்று கண்டார்கள். அப்போது அங்கு விலங்கு மருத்துவராகப் பணியாற்றிய கிளாடிஸ் கலேமா-சிக்குசோகா, ஊர்மக்களுக்கு மருத்துவ வசதி இல்லாமல் கொரில்லாவைக் காப்பாற்ற முடியாது என்பதை உணர்ந்து, 2003-இல் அதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். மனிதர், விலங்கு இருவர் நலத்தையும் சேர்த்தே பார்ப்பது அந்த அமைப்பின் வேலை.

முகக்கவசமும் பத்து மீட்டர் இடைவெளியும் இந்தக் காரணத்தால்தான். முன்பு ஏழு மீட்டராக இருந்ததைப் பெருந்தொற்றுக்குப் பின் பத்தாக்கினார்கள். குட்டி ஒன்று ஆர்வத்தில் நம்மை நோக்கி வந்தால் நாம்தான் பின்வாங்க வேண்டும்; அது தொட்டுவிட்டது என்று படம் எடுத்துப் போடுவது பெருமைக்குரியதன்று. பயணத்தன்று காலையில் மூவரில் யாருக்காவது தொண்டை கரகரத்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 800 டாலர் போகிறதே என்று மாத்திரை போட்டு இருமலை அடக்கிக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவில் ஒருவர் அப்படி வந்து, ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோது இருமல் வெடித்து, பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டார். எங்களுக்கெல்லாம் அவர்மேல் இரக்கம். வனக்காவலர் முகத்தில் இரக்கமே இல்லை. அவர்தான் சரி.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் உகாண்டாவுக்குள் விட மாட்டார்கள். திரும்பி வரும்போது இந்தியாவிலும் அதே சான்றைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரைக்கு உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

நீலமலை:

ருவாண்டாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. தலைநகர் கிகாலியில் இறங்கினால் மலைக் கொரில்லாக்கள் வாழும் எரிமலைப் பூங்கா இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறது, சாலை அருமை, ஏற்பாடு கச்சிதம். 1967-இல் கொரில்லா ஆய்வாளர் டயான் ஃபாசி ஆய்வுக்கூடம் அமைத்தது அந்த மலைகளில்தான். ஆனால் சீட்டு 1,500 டாலர். சிம்பன்சியும் வேண்டுமென்றால் நாட்டின் தென்மேற்கு மூலையில் உள்ள நியுங்வே காட்டுக்குப் போக வேண்டும். வயது வரம்பு அங்கும் பதினைந்துதான். நேரம் குறைவாகவும் பணம் தாராளமாகவும் இருப்பவர்களுக்கு ருவாண்டா. இரண்டு வானரங்களையும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு உகாண்டா.

மருதாணி:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் யோசனை, நாங்கள் இருவரும் கொரில்லாவுக்குப் போக, மகன் அன்று விடுதியில் இருக்கட்டும் என்பதாக இருந்தது. இந்தப் பயணத்தின் வித்தே அவன்தான் என்பதால் அதைச் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. மூக்கின் மேலுள்ள சுருக்கக் கோடுகளை வைத்து ஒவ்வொரு கொரில்லாவையும் அடையாளம் காண்கிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க மூக்குகளாக வரைந்து வைத்திருக்கிறான். இந்த இழையை அவனிடமே படிக்கக் கொடுத்தேன். கன்யவாராவில் இறந்த ஐந்து சிம்பன்சிகளைப் பற்றிய பத்தியை இரண்டு முறை படித்தான். பிறகு, “அம்மா, போன மாதம் எனக்குச் சளி பிடித்து உங்கள் இருவருக்கும் ஒட்டிக்கொண்டதே” என்றான். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபரில் அவனுக்குப் பதினைந்து நிரம்புகிறது. எனவே பயணத்தை ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளிவிட்டோம். பள்ளியில் நான்கு நாள் விடுப்பு வேண்டும், அதைத் தலைமையாசிரியரிடம் பேச வேண்டியது என் கணவரின் பொறுப்பு. அதற்குள் முழங்காலுக்கு இயன்முறைப் பயிற்சி செய்வதும் அவர் பொறுப்பே. முகவரை மாற்றிவிட்டேன். செங்காந்தள் எழுதியதைப் பற்றி வீட்டில் நீண்ட நேரம் பேசினோம். பட்வா மக்களின் நடையில் கலந்துகொள்வதா, அது அவர்களுக்கு உதவியா, வேடிக்கை பார்ப்பதா என்பதில் எனக்கும் கணவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஜனவரியில் மழை எப்படி?

கம்பாலாவாசி:

மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும்தான் பெருமழை. ஜனவரி நல்ல மாதம். ஆனால் அது மழைக்காடு, நாள்காட்டி பார்த்துப் பெய்வதில்லை. மழையங்கியைப் பையின் மேலாக வையுங்கள். கென்யாவையும் ருவாண்டாவையும் சேர்க்கும் எண்ணமிருந்தால் மூன்று நாட்டுக்கும் சேர்த்து 100 டாலரில் ஒரே விசா உண்டு. உகாண்டா மட்டுமென்றால் அது தேவையில்லை. வெள்ளிமுதுகு முறைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று மகனுக்கு இப்போதே கற்றுக்கொடுங்கள்: கண்ணைப் பார்க்கக்கூடாது, ஓடக்கூடாது, உட்கார்ந்துவிட வேண்டும்.

கானகன்:

சீட்டின் நகலைப் பார்த்தீர்களா? பகுதி?

மருதாணி:

நேற்று வந்தது. புஹோமா என்றுதான் அச்சாகியிருக்கிறது. விடுதியும் புஹோமாவில்தான், வாயிலிலிருந்து நடக்கும் தொலைவு. மூன்று சீட்டுகள். மகன் தன்னுடையதைக் கையில் வாங்கி, கடவுச்சீட்டைத் திறந்து வைத்து, பிறந்த தேதியை ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்தான்.

முழங்கால்மூர்த்தி:

கையுறை மூன்று ஜோடி. மறந்துவிடாதீர்கள்.